கடைசிப் படியின் இறக்கம்

நெட்டை என்று கூப்பிட்டால்தான் அந்த வெல்டர் திரும்பிப் பார்ப்பார். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால், பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரரே "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஆள் அவ்வளவு உயரம். பட்டறையின் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டாலும் தலை குனிந்துதான் உள்ளே நுழைவார்.

கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பார். ஆனால் அவர் பேர் வாங்கியது மடக்கு ஏணியில்தான். விரித்தால் கூடாரம் போல நிற்கும், மடக்கினால் சுவரோரம் ஒல்லியாகச் சாய்ந்துகொள்ளும் இரும்பு ஏணி. பச்சை பெயின்ட் அடிப்பது அவருடைய மனைவியின் வேலை. பெயின்ட் காய்ந்ததும் வெல்டர் ஒரு முறை உச்சிவரை ஏறி இறங்கிப் பார்ப்பார். "நான் ஏறிப் பாக்காத ஏணி எதுவும் இந்த வாசலைத் தாண்டாது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அது பொய்யும் இல்லை.

அவருக்கு ஒரே அக்கா. பெரிய கடைத்தெருவில் இருந்த செருப்புக் கடையில் வேலை பார்த்தார். தம்பி எவ்வளவு உயரமோ அக்கா அவ்வளவு குள்ளம். இரண்டு பேரும் சேர்ந்து நடந்து போனால் தெரிந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். "எனக்கு வர வேண்டிய உயரத்தையும் சேத்து இவனே எடுத்துக்கிட்டான், என்ன பண்றது" என்பார் அக்கா. வாசலில் ஒருவர் கால் வைக்கும்போதே, அந்தக் காலைப் பார்த்து அளவைச் சொல்லிவிடுவார். போட்டுப் பார்க்க இரண்டாவது ஜோடி எடுத்துவர வேண்டிய அவசியமே வராது. கடையின் மூன்று சுவர்களிலும் தரையிலிருந்து கூரைவரை செருப்புப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். மேலே எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரிந்த அளவுக்குக் கடை முதலாளிக்குத் தெரியாது.

வெல்டர் புதிதாகப் பட்டறை திறந்திருந்த காலத்தில், அவருக்கு முதல் ஏணி ஆர்டர் வாங்கிக் கொடுத்ததே அக்காதான். கடையில் இருந்த பழைய மர ஏணி ஆட்டம் கண்டிருந்தது. "வெளியில எங்கயும் போக வேண்டாம். என் தம்பி செய்வான்" என்று முதலாளியிடம் சொல்லி முடித்துவிட்டார். வெல்டர் ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து கடை நடுவில் விரித்து வைத்தார். எல்லோருக்கும் முன்னால் அக்கா ஏறினார். உச்சியில் நின்று கூரையைத் தொட்டார். இறங்கும்போது கடைசிப் படியில் மட்டும் கொஞ்சம் தடுமாறி, ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏறுறதுக்கு நல்லா இருக்குடா. எறங்குறப்போ கடைசிப் படிகிட்ட கால் தேடுது."

"என்னத்தத் தேடுது?"

"தரையத்தான். இங்க இருக்கும்னு கால் வைக்கிறேன். அங்க இல்ல, இன்னும் கீழ இருக்கு."

வெல்டர் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். கடையில் எல்லோரும் சிரித்தார்கள், முதலாளி உட்பட. அக்காவும் சிரித்துக்கொண்டே, கையில் இருந்த பெட்டி மூடியால் தம்பியின் தோளில் அடிக்கப் பார்த்தார். தோள் எட்டவில்லை. முழங்கையில்தான் பட்டது. அதற்கும் ஒரு சிரிப்பு.

அக்கா சொன்னது உண்மை. இரும்புக் குழாய் ஒரே நீளத்தில்தான் கடையில் கிடைக்கும். அதைத் துண்டு மிஞ்சாமல் வெட்டினால் ஏணிக்கால் இன்ன நீளம் என்று தானாக முடிவாகிவிடும். படி எங்கெங்கே வர வேண்டும் என்று குறிக்க வெல்டர் ஒரு பலகை செய்து வைத்திருந்தார். அதில் மேலிருந்து கீழாகச் சமமான இடைவெளியில் கோடுகள் போட்டிருந்தார். கடைசிக் கோட்டுக்குக் கீழே நாலு விரற்கடை மிஞ்சியது. மிஞ்சினால் மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டார். ஆகவே எல்லாப் படிகளுக்கும் நடுவே ஒரே இடைவெளி, கடைசிப் படிக்கும் தரைக்கும் நடுவே மட்டும் நாலு விரற்கடை கூடுதல். அவர் தினமும் ஏறி இறங்கிப் பார்த்தும் அது அவருக்குத் தெரியவில்லை. அவருடைய கால் நீளத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வெறுங்கையோடு, கீழே பார்த்துக்கொண்டுதான் இறங்குவார்.

வருஷங்கள் ஓடின. அந்த ஒரு ஏணியைப் பார்த்து அடுத்தடுத்த கடைகளில் கேட்டார்கள். துணிக்கடை, மருந்துக்கடை, எலக்ட்ரிக் சாமான் கடை, பள்ளிக்கூட நூலகம் என்று பச்சை ஏணிகள் ஊரெல்லாம் பரவின. எல்லாம் அதே பலகையில் அளந்தவை. வெல்டர் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எடுத்தார். பட்டறைக்குப் பக்கத்து அறையையும் சேர்த்து வாடகைக்குப் பிடித்தார். வேலை சுத்தம், வாக்கு சுத்தம் என்று பேர்.

அக்கா விழுந்தது ஒரு சாதாரணப் பகல்பொழுதில். பள்ளிக்கூடம் திறக்கும் சமயம் என்பதால் கடையில் கூட்டம். இரண்டு கையிலும் பெட்டிகளை அடுக்கி, மேல்பெட்டியை மோவாயால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். யாரோ "அக்கா, இதுல கறுப்பு இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கும்மா" என்று திரும்பிப் பதில் சொன்னபடியே கடைசிப் படியிலிருந்து காலை எடுத்து வைத்தார். அத்தனை வருஷம் பழகிய கால், அன்றைக்கு மறந்துவிட்டது. பின்பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்தவாக்கில் விழுந்தார். பெட்டிகள் சிதறின. முதலில் எல்லோரும் பெட்டிகளைத்தான் பொறுக்கினார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தார்கள்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஒரு படி உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு உடையுமா என்று பார்க்க வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பட்டறையிலிருந்து அழுக்குச் சட்டையோடு ஓடி வந்த வெல்டர், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று முதலில் கேட்டது இதைத்தான்:

"பாத்து எறங்கக் கூடாதாக்கா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாடா, நான்தான் பாக்கல" என்றார்.

ஆபரேஷன் நடந்தது. உள்ளே தகடு வைத்தார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் கால் பழையபடி வரவில்லை. இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது போல இழுத்து நடந்தார். அவர்கள் குடியிருந்தது இரண்டாம் மாடி. அதை விட்டுவிட்டு, பின்பக்கச் சந்தில் வெளிச்சம் வராத ஒரு கீழ்த்தள வீட்டுக்கு மாறினார்கள். செருப்புக் கடை முதலாளி நல்ல மனிதர். "கல்லாவில் உக்காருங்க, ஏற வேண்டாம், எறங்க வேண்டாம்" என்றார். அக்கா சில நாள் போய் உட்கார்ந்தார். வருகிறவர்களின் கால் மேஜைக்கு அந்தப் பக்கம் மறைந்துவிட்டது. முகம்தான் தெரிந்தது. "மூஞ்சியப் பாத்து நான் என்ன பண்றது?" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுகொண்டார்.

வெல்டர் அடிக்கடி பழம் வாங்கிக்கொண்டு அந்த இருட்டு வீட்டுக்குப் போவார். அக்கா குழந்தைகளைப் பற்றி, விலைவாசியைப் பற்றிப் பேசுவார். ஏணிப் பேச்சு வராது. வராமல் இருப்பதுதான் நல்லது என்று வெல்டரும் நினைத்துக்கொண்டார்.

ஒருநாள் தன் மகளுக்குச் செருப்பு வாங்க அந்தக் கடைக்கே போனார். அக்காவின் இடத்தில் புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மேல்தட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பெண் இறங்க ஆரம்பித்ததும், கல்லாவிலிருந்து முதலாளி பில் புத்தகத்தைவிட்டுத் தலையைக்கூடத் தூக்காமல் சொன்னார்:

"பாத்தும்மா, கடைசிப் படி."

எதிர்ச்சுவர் ஓரம் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவரும் அதே சமயத்தில் "கடைசிப் படி" என்றார். இரண்டு பேருக்கும் தாங்கள் சொன்னதே தெரியவில்லை. தும்மினவரைப் பார்த்து வாய் தானாக ஏதோ சொல்லுமே, அதுபோலச் சொன்னார்கள்.

வெல்டர் முதலாளியிடம் போய், "இதை எப்பலேர்ந்து சொல்றீங்க?" என்று கேட்டார்.

"எதை?"

"கடைசிப் படின்னு."

முதலாளி யோசித்தார். "ஏணி வந்ததுலேர்ந்துதான். உங்க அக்காதான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தாங்க. கடைசியில கொஞ்சம் எறக்கம், பாத்துன்னு."

வெல்டர் மகளைக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஏணிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். படிக்கும் படிக்கும் நடுவே சாண் வைத்து அளந்தார். கடைசிப் படிக்குக் கீழே கையைத் தரையில் ஊன்றி அளந்தார். மறுபடியும் அளந்தார். மகள், "அப்பா, என்னப்பா பண்றீங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்றாள். அவர் செருப்பு வாங்காமலே திரும்பினார்.

பட்டறையில் பலகையை எடுத்துப் பார்த்தார். அவருடைய கையாலேயே போட்ட கோடுகள், பெயின்ட் சொட்டு விழுந்து, ஓரம் தேய்ந்து. மனைவி வந்து ஏன் வேலையை நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டார்.

"அக்கா அன்னிக்கே சொன்னாங்க. நான் பழமொழி சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

விவரத்தைச் சொன்னார். மனைவி பலகையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "எனக்கும் அந்தப் படி அப்படித்தான் இருக்கும்" என்றார். "நான் பெயின்ட் அடிக்க ஏறி எறங்குறப்பல்லாம் தட்டும். எல்லா ஏணியும் அப்படித்தான்னு நினைச்சுக்கிட்டேன்."

வீட்டுக்குள்ளேயே ஒருவர் இத்தனை வருஷமாகத் தட்டித் தட்டி இறங்கியிருக்கிறார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

அன்றைக்கே ஒரு புதுப் பலகை செய்தார். காலின் மொத்த நீளத்தைச் சமமாகப் பங்கிட்டு, தரையையும் ஒரு படியாகக் கணக்கில் வைத்துக் கோடு போட்டார். அதோடு நிற்கவில்லை. கடைசிப் படியை மற்றவற்றைவிட அகலமாக்கி, அதன்மேல் சொரசொரப்பான தகட்டை ஒட்டினார். பாதம் பட்டதும் இதுதான் கடைசி என்று கண் பார்க்காமலே தெரிந்துவிடும். முன்காலையும் பின்காலையும் இதுவரை சங்கிலி போட்டுப் பிணைத்திருந்தார். அதை மாற்றி, விரித்தவுடன் தானாக நிமிர்ந்து பூட்டிக்கொள்ளும் பட்டையை வைத்தார். உச்சிக்கு மேலே இடுப்பளவில் ஒரு கைப்பிடி. சாமான் வைத்துக்கொள்ள ஒரு சின்னத் தட்டு.

பெயின்ட் காய்ந்ததும் ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். நடுவீட்டில் விரித்து வைத்தபோது வீடே அடைத்துக்கொண்டது. அக்காவின் வீட்டுக்காரர், "எதுக்கு மாப்ள இதை இங்க கொண்டாந்த?" என்று கேட்டுவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏணியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை முதல் படியில் வைத்தார். பிறகு அந்தக் காலை எடுத்துத் தரையில் வைத்தார். சொரசொரப்பைக் கையால் தடவினார். தட்டைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார்.

"சாமானை இதுல வச்சுக்கலாம். கை காலியா இருக்கும், பிடிச்சுக்கிட்டு எறங்கலாம்."

"தட்டு சின்னது. ரெண்டு பெட்டிதான் நிக்கும். கூட்ட நேரத்துல அஞ்சு பெட்டி எடுக்கச் சொல்லுவாங்க."

"பெரிசாக்கிடறேன்க்கா."

அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்:

"இதை அப்பவே பண்ண முடியாதாடா?"

"முடிஞ்சிருக்கும்."

"ரொம்ப வேலையா?"

வெல்டருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லக்கா. பலகையை மாத்தி எழுதணும். அரை நாள் வேலை."

அக்கா தலையாட்டினார். ஊன்றுகோலை எட்டி எடுத்து, சமையலறைப் பக்கம் போனார். டீ போடுகிறார் என்று நினைத்து வெல்டர் காத்திருந்தார். வெகுநேரமாகியும் டீ வரவில்லை. அக்காவின் வீட்டுக்காரர்தான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நீ கிளம்பு மாப்ள, நாளைக்கு வா" என்றார் மெதுவாக.

மறுநாள் அவர் அங்கே போகவில்லை. கை இயந்திரத்தில் அறுக்கும் வட்டைப் பொருத்திக்கொண்டு செருப்புக் கடைக்குப் போனார். பழைய ஏணியைச் சரியாக்க அதிக வேலை ஒன்றும் இல்லை. காலின் அடியில் மிஞ்சியிருக்கும் நாலு விரற்கடையை அறுத்துவிட்டு, ரப்பர் மூடியை மறுபடி மாட்டினால் போதும். முதலாளி வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. முடிந்த பிறகு அந்த வெட்டிய துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவுதானா என்பதுதான் அவரால் தாங்க முடியாததாக இருந்தது.

அதன் பிறகு வெல்டர் தன் பழைய ஏணிகளைத் தேடிப் போக ஆரம்பித்தார். யார் யாருக்கு விற்றோம் என்று எதுவும் எழுதி வைக்கவில்லை. ஞாபகத்தில் இருந்த கடைகளுக்குப் போனார். கடைத்தெருவில் ஒரு பக்கமாக நடந்து, உள்ளே பச்சையாக எதுவும் தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தார். மனைவிக்கு முதலில் கோபம்.

"ஊர் பூரா போய் என் ஏணி சரியில்லன்னு நீங்களே சொன்னா, நாளைக்கு யாரு வாங்குவா?"

"வாங்காட்டி போகட்டும்."

"போகட்டும்னு சொல்லிட்டு நீங்க போயிடுவீங்க. வீட்ல பதில் சொல்றது நான்."

மனைவி சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆர்டர் குறைந்தது. புது ஏணிக்குக் கனம் அதிகம், விலையும் அதிகம். வாங்க வந்தவர்கள் பழைய மாதிரியே போதும் என்றார்கள். பழைய மாதிரி செய்வதில்லை என்றார். போய்விட்டார்கள். பக்கத்து அறையைக் காலி செய்தார். கோபித்த மனைவியே, வெட்டிய காலுக்குப் பொருந்துகிற மாதிரி ரப்பர் மூடிகளைத் தேடி வாங்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

கடைக்காரர்கள்தான் லேசில் விடவில்லை. எலக்ட்ரிக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏணியக் குட்டையாக்க வந்த ஆளை இப்பதான்யா பாக்குறேன். அடுத்த தடவை பல்பையும் சின்னதாக்கித் தருவியா?" துணிக்கடையில், "நல்லாத்தானே இருக்கு, நாங்க பழகிட்டோம்" என்றார்கள். "பழகினவங்கதான் விழறாங்க" என்று வெல்டர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். "எங்க அக்கா விழுந்தாங்க" என்றார். அதைச் சொல்லும்போது மட்டும் சிலர் ஏணியைக் காட்டினார்கள்.

விழுந்தவர்களைப் பற்றியும் அப்போதுதான் தெரியவந்தது. நூலகத்தில் புத்தகம் அடுக்கும் அம்மாவுக்கு மணிக்கட்டு. துணிக்கடைக் கணக்கப்பிள்ளைக்கு முன்பல். யாரும் ஏணியைக் குறை சொல்லவில்லை. கணக்கப்பிள்ளை வாயைத் திறந்து கட்டிய பல்லைக் காட்டி, "என் கவனக்குறைவுதான் சார். ஏணி என்ன பண்ணும்?" என்றார். வெல்டரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குனிந்து ரப்பர் மூடியைக் கழற்றிக்கொண்டே, "ஏணியும் பண்ணும் சார்" என்றார்.

அவருடைய வேலை உறுதியாக இருந்ததுதான் அவருக்கு எதிரியாகிவிட்டது. மட்டமான ஏணியாக இருந்திருந்தால் இத்தனை நாளில் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போயிருக்கும். இவை போகவில்லை. மூடிய கடைகளிலிருந்து வேறு கடைகளுக்குக் கைமாறின. ஒருநாள் பஸ்ஸில் போகும்போது, எதிர்ப்பக்கம் ஒரு பெயின்டர் மிதிவண்டியில் பச்சை ஏணியைக் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்தார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஓடினார். வயது ஆகியிருந்தது, மூச்சு வாங்கியது. நாலு தெரு கூடும் இடத்தில் நின்று எல்லாப் பக்கமும் பார்த்தார். பெயின்டர் எந்தப் பக்கம் போனார் என்று தெரியவில்லை.

பல மாதங்களுக்குப் பிறகு அக்கா போனில் கூப்பிட்டார். எடுத்த எடுப்பில், "எங்க வீட்டுக்குப் பின்னாடி தெருவுல மருந்துக் கடையில ஒண்ணு நிக்குதுடா" என்றார்.

"என்னது?"

"உன் ஏணிதான். பச்சை. நானும் வரேன். அவன் என் பேச்சைக் கேப்பான், மாத்திரை எல்லாம் அவன்கிட்டதானே வாங்குறேன்."

இரண்டு பேரும் போனார்கள். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, "எங்க ஆளுதான், பயப்படாத, ஏணியக் குடு" என்றார். மருந்துக் கடைக்காரர் மறுபேச்சு பேசவில்லை. வெல்டர் வாசலில் வைத்து அறுத்தார். முடிந்ததும் கடைக்காரர் ஏறி இறங்கிப் பார்த்தார். "ஒண்ணும் வித்தியாசம் தெரியலையே" என்றார். அக்கா சிரித்தார். விழுந்த பிறகு ஏணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அதன் பின்னும் இப்படி அவ்வப்போது போன் வரும். ஆஸ்பத்திரிக்குப் போன இடத்தில் பார்த்தேன், வங்கியில் பார்த்தேன் என்று. அக்கா கண்ணில் பட்டுச் சரியாக்கப்பட்ட ஏணிகளும் உண்டு, போய்ச் சேர்வதற்குள் இடம் மாறிப்போனவையும் உண்டு.

அன்றைக்கு மருந்துக் கடையிலிருந்து கிளம்பி, தன் மகளைப் பார்க்கப் போக வேண்டும் என்று அக்கா சொன்னதால் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெல்டர் பையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அக்கா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் வந்ததும் கேட்டேன் பாரு..."

"விடுடா."

"விட முடியலக்கா."

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் முடியலதான்" என்றார். "எலும்பு உடைஞ்சதைவிட அதுதான் வலிச்சுது. பாக்காம எறங்கிட்டேன்னு நானே என்னை எவ்வளவு நாள் திட்டிக்கிட்டேன் தெரியுமா?"

மன்னிப்புக் கேட்கும் வார்த்தை ஏதோ வெல்டரின் வாய்வரை வந்தது. அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் அப்படிப் பேசிப் பழகியதில்லை.

பஸ் வந்தது. முன்வாசலின் படி தரையிலிருந்து உயரத்தில் இருந்தது. அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடது முழங்காலைத் தூக்கிப் படியில் வைத்தார். வெல்டர் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, தொடாமல் நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். "அடிக்கட்டும், நீ மெதுவா ஏறுக்கா" என்றார் வெல்டர்.